பாலைவனத்துக் கற்பட்டங்கள்

முதல் உலகப் போர் முடிந்தபின், 1921-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் விமானப் படையினர் கெய்ரோ நகருக்கும் பாக்தாத் நகருக்கும் இடையே ஓர் அஞ்சல் வழியைத் தொடங்கினர். கடிதப் பைகளைச் சுமந்து சென்ற விமானங்கள், இன்று ஜோர்தான் நாட்டின் கிழக்குப் பகுதியாக விளங்கும் ஒரு கரிய நிலத்தின் மேலாகப் பறந்தன. பாலைவனம் என்றவுடன் நம் மாணவர் மனத்தில் தோன்றுவன மஞ்சள் மணற்குன்றும் ஒட்டகமுமே. அந்நிலம் அத்தகையதன்று. பழங்கால எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்து, பின்னர் உடைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருங்கற்களாய்ச் சிதறிக் கிடக்கும் வெளி அது. அரபு மக்கள் அத்தகைய நிலத்தை 'ஹர்ரா' என்பர். மனிதர் காலுக்கும் விலங்கின் காலுக்கும் ஒருங்கே பகையான நிலம்.

அந்தக் கருமையினிடையே விமானிகள் கோடுகளைக் கண்டனர். தரையில் நிற்பவனுக்கு அவை இடிந்துபோன குட்டைச் சுவர்கள். முழங்கால் அளவோ இடுப்பளவோ உயரம். வானிலிருந்து நோக்கியவர்க்கோ அவை ஒழுங்கான உருவங்களாகத் தெரிந்தன. நெடுந்தொலைவிலிருந்து இரு சுவர்கள் புறப்பட்டு, மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி, முடிவில் வளைந்த ஓர் அடைப்பினுள் சென்று சேர்ந்தன. ஒன்றிரண்டு அல்ல, பறக்கப் பறக்க வந்துகொண்டேயிருந்தன.

விமானிகளுள் ஒருவரான பெர்சி மெயிட்லண்டு என்பார் 1927-ஆம் ஆண்டில், அப்போதுதான் தொடங்கப்பெற்றிருந்த 'ஆன்டிக்குவிட்டி' என்னும் தொல்பொருள் ஆராய்ச்சி ஏட்டில் இவற்றைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். இவை யார் செய்தவை என்று கேட்டால் அந்நாட்டு நாடோடி மக்களான பதவியர் கூறிய விடை ஒன்றே: 'முதியோர் செய்த வேலை.' முதியோர் என்றது தம் பாட்டனையும் பூட்டனையும் அன்று. பெயர் தெரியாத முன்னோரை. போர்த்தொழிலே பயின்ற விமானிகளுக்கு இவை பகைவரைத் தடுக்கும் அரண்களாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவரவர் தொழில் அவரவர் கண்ணில் நிற்கும்.

வாலொடு கூடிய காற்றாடியின் வடிவம் இருந்தமையால் இவற்றுக்குப் 'பட்டம்' என்று பெயரிட்டனர். அப்பெயரே ஆராய்ச்சி உலகில் நிலைத்துவிட்டது. நாமும் அவ்வாறே வழங்குவோம். ஆசிரியர்களாகிய நாம் பாடுபட்டுப் பெறும் பட்டத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளாதிருந்தால் போதும். சென்ற ஆண்டு எம் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்க்குச் செயற்கைக்கோள் படத்தில் ஒன்றைக் காட்டினேன். "சார், வாவ் மாதிரி இருக்கு!" என்றான் ஒருவன். மலாய்ப் பட்டத்தை அறிந்த பிள்ளை வேறு என்ன சொல்வான்!

இன்று செயற்கைக்கோள் படங்களின் துணையால் 6,000-க்கு மேற்பட்ட கற்பட்டங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. சிரியா, ஜோர்தான், சவூதி அரேபியா ஆகியவற்றின் எரிமலை நிலங்களில் அவை மிகச் செறிந்துள்ளன. தெற்கே ஏமன், மேற்கே நெகேவ், சினாய்ப் பகுதிகள், வடக்கே ஆர்மீனியாவின் மலைச்சாரல், வடகிழக்கே கசக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான் நாடுகளில் பரந்துள்ள உஸ்த்யூர்த் மேட்டுநிலம் வரை இவ்வடிவம் பரவியுள்ளது. சுவர்கள் சில நூறு மீட்டர் நீளமும் உண்டு. சில கிலோமீட்டர் நீளமும் உண்டு. அடைப்பின் விளிம்பில் சிறு வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வட்டங்களில்தான் இவற்றின் மறைபொருள் அடங்கியிருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இவை விலங்குகளைப் பிடிக்க அமைத்த பொறிகள் என்பது இப்பொழுது தெளிவாகிவிட்டது. ஆயின் எவருக்கும் எழும் முதல் ஐயம் ஒன்றுண்டு. அந்நிலத்தின் முதன்மையான வேட்டை விலங்கு கெசல் எனப்படும் சிறுமான். (மான் என்று வழக்கில் சொன்னாலும், கிளைவிடாத கொம்புடைய இரலை இனத்தைச் சேர்ந்தது அது.) காற்றெனப் பாயும் அவ்விலங்கை முழங்காலளவுச் சுவர் எவ்வாறு தடுத்து நிறுத்தும்? ஒரு தாவலில் கடந்துவிடாதோ?

இவ்வினாவுக்கு விடையை யான் நூலிற் காண்பதற்கு முன்பே கடலிற் கண்டிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் நண்பர்கள் சிலருடன் ஒரு கடற்கரைச் சிற்றூருக்குச் சென்றபோது, அங்கிருந்த கேலோங் ஒன்றைக் கண்டோம். நிபோங் மரக் கழிகளை வரிசையாக நட்டு, கரைப்பக்கத்திலிருந்து ஆழம் நோக்கி ஒரு நெடிய வேலி சென்றது. கழிகளுக்கிடையே இடைவெளி இருந்தது. மீன் ஏன் அந்த இடைவெளியில் நுழைந்து போய்விடுவதில்லை என்று கேட்டேன். அங்கிருந்த மலாய் முதியவர் சிரித்தார். மீன் வேலியைக் கண்டால் நுழையாது. பக்கவாட்டில் திரும்பி, ஆழமான நீரைத் தேடி வேலியோரமாகவே நீந்தும். வேலியின் முடிவில்தான் கூடு இருக்கிறது என்றார். லயத்தின் பின்புறம் கோழியை விரட்டிப் பிடித்தவர்க்கும் இது தெரிந்ததே. பறந்து தாண்டக்கூடிய கோழி, கம்பி வேலியோரமாகவே ஓடி மூலையில் அகப்படும்.

கெசல் மானும் அத்தகையதே. அதன் தற்காப்பு முழுவதும் கண்ணிலும் காலிலும் உள்ளது. திறந்த வெளியில் தொலைவிலேயே பகையைக் கண்டு, ஓடித் தப்பும் விலங்கு அது. நீண்டு செல்லும் ஒரு கோடு எதிர்ப்படுமானால் அதைக் கடக்க முயலாமல் கோட்டின் போக்கிலேயே செல்வது அதன் இயல்பு. ஆகவே பட்டத்தின் நெடுஞ்சுவர்கள் காலைத் தடுக்க எழுந்தவையல்ல. கண்ணுக்கு வழி காட்ட எழுந்தவை. சில இடங்களில் சுவர்கூட இல்லை. இடைவிட்டு வைத்த கல்வரிசையே உள்ளது. அதுவும் போதுமாயிருந்தது. வேலையைச் சுருக்கும் பொருட்டு அவ்வாறு செய்தனர் என்று எண்ணுதல் பிழை. எவ்வளவு குறைந்த கல்லால் ஒரு விலங்கின் மனத்தைத் திருப்பலாம் என்பதை அளந்தறிந்தவர்கள் அவர்கள்.

அடைப்பை எங்கே வைப்பது என்பதிலும் இவ்வறிவே தென்படுகிறது. பெரும்பாலான பட்டங்களில், அகன்ற வாயிலிலிருந்து வரும் விலங்குக்கு அடைப்பு கண்ணில் படாது. நிலம் மெல்ல உயர்ந்து, ஒரு விளிம்பைத் தாண்டியபின் சரியும். அச்சரிவுக்கு அப்பால் அடைப்பு காத்திருக்கும். மந்தை விரைந்து ஓடி விளிம்பைக் கடந்து நிலைமையை உணரும்போது, பின்னால் மற்ற விலங்குகள் நெருக்கிக்கொண்டு வரும். அவற்றின் பின்னால் வேட்டுவர் வருவர். அடைப்பினுள் சிக்கிய மான் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். சுவரில் ஆங்காங்கே தாழ்ந்த இடம் ஒன்று தென்படும். அதுவே தப்பும் வழி என்று பாயும். சுவருக்கு அப்பால் இருப்பது குழி. விளிம்பிலுள்ள சிறு வட்டங்கள் என்று முன்னர்ச் சொன்னேனே, அவை இக்குழிகளே. நெடுங்காலம் அவற்றை வேட்டுவர் மறைந்திருந்த குடில்கள் என்று கருதி வந்தனர். அகழ்ந்து பார்த்தபோதுதான் கல்லால் உள்வரிசை கட்டிய ஆழமான பள்ளங்கள் என்பது தெரிந்தது. சில 4 மீட்டர் வரை ஆழமுடையவை. விழுந்த மான் ஏறி வர வழியே இல்லை.

இனி நிலத்தையும் பருவத்தையும் நோக்குவோம். அந்நாட்டில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். மழை நீர் களிமண் தட்டுகளில் தேங்கும். வேனிலின் தொடக்கத்தில் புல் தழைக்கும். கோடையில் எல்லாம் வற்றிவிடும். புல்லும் நீரும் இடம் மாறுவதால் மந்தைகளும் இடம் மாறின. கல் நிறைந்த நிலத்தில் அவை விரும்பியபடியெல்லாம் செல்ல இயலாது. நடக்கத் தகுந்த இடைவழிகள் சிலவே. அந்த இடைவழிகளைக் குறிவைத்தே பட்டங்கள் எழுந்தன. ஜோர்தானின் கிழக்கில் ஒன்றன் சுவர் மற்றொன்றன் சுவரைத் தொடுமாறு, வடக்கு தெற்காகப் பல கிலோமீட்டர் தூரம் சங்கிலிபோல் தொடர்ந்துள்ளன. அவற்றுட் பல கிழக்கு நோக்கி வாய் திறந்துள்ளன. ஆண்டுதோறும் ஒரு திசையிலிருந்து மந்தைகள் வருவதை அறிந்து, அந்நேரம் பார்த்துக் காத்திருந்தனர் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் வேட்டைக்கு உரியவையே என்று எல்லாரும் உடனே ஒப்பவில்லை. ஆடு மாடுகளை அடைத்து வைக்கும் பட்டிகள் இவை என்று வாதித்த அறிஞரும் இருந்தனர். அவர்கள் காட்டிய தடை வலிமையானதே: இத்துணைப் பெருவேட்டை நடந்திருந்தால் பட்டத்தினுள் எலும்புகள் குவிந்து கிடக்க வேண்டும், அவ்வாறு கிடைக்கவில்லையே! இதற்கு மறுமொழி எளிது. மீனைப் பிடித்தவன் கேலோங்கிலேயே வைத்துச் சமைப்பதில்லை. வேட்டையை வேறிடத்துக்கு எடுத்துச் சென்று அறுத்தனர். எலும்பும் அங்கேதான் கிடைக்கும். மேலும் ஆட்டுப்பட்டிக்கு 4 மீட்டர்க் குழி எதற்கு?

நேரிற் கண்டறிந்து எழுதியோர் குறிப்பும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டுப் பயணியான பர்க்ஹார்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவில் சுற்றியவர். 1812-இல் பெட்ரா நகரை மேலைநாட்டார்க்கு அறிவித்தவரும் அவரே. 1817-இல் அவர் மறைந்த பின்னர் வெளிவந்த குறிப்புகளில், சிரியாவின் கிழக்கெல்லையில் கெசல் வேட்டைக்கென அமைந்த இடங்களைப் பற்றிய செய்தி உள்ளது. கோடையில் மான்கள் நீர் குடிக்க வரும் ஊற்றினருகே மூன்று புறமும் கற்சுவர் எழுப்பி, இடையிடையே தாழ்ந்த இடைவெளி விட்டு, அவ்விடைவெளிக்கு வெளியே பள்ளம் தோண்டியிருப்பர் என்றும், ஊரார் மந்தையை உள்ளே விரட்டி அச்சுறுத்த, அவை இடைவெளி வழியே பாய்ந்து பள்ளத்தில் விழும் என்றும் அவர் எழுதியுள்ளார். விமானிகள் வியந்து நோக்கிய கோடுகளுக்கு விளக்கம், அவர்கள் பிறக்கும் முன்பே அச்சாகி நூலகத்தில் இருந்தது! உஸ்த்யூர்த் மேட்டுநிலத்திலும் அம்பு வடிவான பொறிகள் 19-ஆம் நூற்றாண்டு வரை பயன்பட்டு வந்தன. அங்கே வேட்டை விலங்கு பெரும்பாலும் சைகா என்னும் பருத்த மூக்குடைய இரலையாகும்.

இப்பொறிகளின் தொன்மை எத்துணை? கல்லின் வயதைக் கொண்டு சுவரின் வயதைச் சொல்ல இயலாது. ஆகவே குழிகளின் அடியில் படிந்த மண்ணையும் கரியையும் ஆராய்ந்தனர். மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று அளக்கும் முறை ஒன்றுண்டு. கரியின் வயதை அளக்கும் முறையும் உண்டு. நெகேவ் பகுதியிலுள்ள சிறிய பட்டங்கள் கி.மு. 4-ஆம், 3-ஆம் ஆயிரத்தாண்டுகளைச் சேர்ந்தவை. ஜோர்தானின் பட்டங்களோ அவற்றினும் மிகப் பழையவை. அந்நாட்டின் தென்கிழக்கில் ஜிபால் அல்-கஷாபியே என்னுமிடத்தில் பட்டங்களுக்கு அருகிலேயே வேட்டுவர் தங்கிய குடியிருப்புகள் அகழப்பட்டன. ஏறத்தாழ கி.மு. 7000-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவற்றில் கெசல் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. நாடோடியாய் அலைந்து, வாய்த்தபோது வேட்டையாடியோர் அல்லர் அவர்கள். மந்தை வேட்டையையே தொழிலாகக் கொண்டு, ஆண்டுக்காண்டு அதே இடத்துக்கு வந்து தங்கியவர்கள்.

அங்கே 2021-இல் கண்டெடுத்து 1922-க்குச் சரியாக நூறாண்டு கழித்து, அதாவது 2022-இல், உலகுக்கு அறிவித்த வழிபாட்டிடம் ஒன்றும் உண்டு. மனித முகம் செதுக்கிய இரு நடுகற்கள். அவற்றுள் ஒன்றில் பட்டத்தின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. அருகே ஏறத்தாழ 150 கடற்சிப்பிப் புதைபடிவங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. கல்லால் செய்த சிறிய பட்டம் ஒன்றும் அங்கே இருந்தது. தம் உணவை ஈட்டித் தந்த பொறியையே அவர்கள் வணக்கத்துக்குரியதாக்கினர் போலும்.

ஆயினும் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது வேறொரு கல். அதே பகுதியில் கிடைத்தது; நீளம் 80 செண்டிமீட்டர், எடை 92 கிலோகிராம். அதன்மேல் ஒரு பட்டத்தின் உருவம் கல்லுளியால் கீறப்பட்டுள்ளது. நெருங்கி வரும் சுவர்கள், அடைப்பு, குழிகள் ஆகிய எல்லாம் உள்ளன. இக்கீறலைச் சுற்றுப்புறத்திலுள்ள மெய்யான பட்டங்களோடு கணினி வழியே ஒப்பிட்ட அறிஞர்கள், இது மனம் போனபடி வரைந்த படமன்று, ஏறத்தாழ 1-க்கு 425 என்னும் அளவில் சுருக்கி வரைந்த அளவுப் படம் என்று 2023-இல் வெளியிட்டனர். சவூதி அரேபியாவில் ஜபல் அஸ்-ஸில்லியாத் என்னுமிடத்துப் பாறையிலும் இத்தகைய கீறல் ஒன்று உண்டு. அதன் வயது ஏறத்தாழ 8,000 ஆண்டு. எழுத்து தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவை இவை.

இதன் பெருமையை நம் ஆசிரியர்கள் நன்கு உணர்வார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் பள்ளித் திடலின் படத்தை அளவு மாறாமல் வரையச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் வரைவர்? திடலாவது ஒரு பார்வையில் அடங்கும். பட்டமோ தரையில் நிற்பவன் கண்ணுக்கு எக்காலத்தும் முழுமையாகத் தெரியாது. நடந்து நடந்து அளந்து, வானில் பறக்கும் பறவை கண்டால் எவ்வாறிருக்கும் என்பதை மனத்தில் அமைத்து, அதைக் கல்லில் சுருக்கி வைத்துள்ளனர். விமானம் ஏறியவர்க்கே 1920-களில் புலப்பட்ட உருவம், 9,000 ஆண்டுகட்கு முன்பே ஒருவன் உள்ளத்தில் முழுமையாக நின்றது.

இத்துணை அறிவுடையோர் தாம் வேட்டையாடிய விலங்கை என்ன செய்தனர்? கட்டுரையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

யான் ஏறத்தாழ முப்பதாண்டுகளாக வரலாற்றுப் பாடத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி வந்திருக்கிறேன். 'பண்டை மனிதன் இயற்கையோடு இயைந்து, தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொண்டு வாழ்ந்தான்' என்பது அவ்வாக்கியம். பயிற்சிக் கல்லூரியில் எழுதிக்கொண்டது. பாடக்குறிப்பு மாறினாலும் அது மாறவில்லை. தேர்வில் மாணவர் அதை எழுதினால் புள்ளியும் கொடுத்திருக்கிறேன். கற்பட்டங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னர் அவ்வாக்கியம் எனக்கு உறுத்தலாகிவிட்டது.

யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்னும் மேடு இருந்தது. அணை நீரில் மூழ்குவதற்கு முன் 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் அதனை அவசரமாக அகழ்ந்தனர். அங்கே கிடைத்த எலும்புகளில் பழைய அடுக்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது கெசல் மானுடையவை. கெசல் குட்டிகள் ஆண்டில் ஒரு குறுகிய பருவத்தில்தான் பிறக்கும். ஆகவே பல்லின் வளர்ச்சியைக் கொண்டு அவை எந்தப் பருவத்தில் இறந்தன என்று கூறலாம். ஆராய்ந்தபோது பிறந்து சில நாளேயான குட்டிகளும், ஓராண்டு நிறைந்தவையும், முதிர்ந்தவையும் மிகுந்திருந்தன. இடைப்பட்ட வயதின அரிது. அதாவது, மந்தை இடம் பெயர்ந்து வந்த கோடைத் தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் ஆண், பெண், குட்டி என்று பாராமல் கூட்டமாகக் கொன்றுள்ளனர். ஆண்டு முழுதும் உண்ண உணங்கலாக்கி வைத்திருப்பர். இது பல நூற்றாண்டு நடந்தது. பின்னர் கி.மு. 8-ஆம் ஆயிரத்தாண்டில் திடீரென்று கணக்கு மாறிவிடுகிறது: கெசல் எலும்பு அருகி, வீட்டாடுகளின் எலும்பு பெருகுகிறது. மான் குறைந்ததனால் ஆட்டை நாடினரா, ஆடு பெருகியதனால் மானை விட்டனரா? தெற்கே பட்டங்கள் எழுந்து மந்தைகளின் வழி மறிக்கப்பட்டதே காரணம் என்று அவ்வெலும்புகளை ஆராய்ந்தோர் கருதினர்.

மற்றொரு சான்று இன்னும் கொடியது. சிரியாவின் வடகிழக்கில் காபூர் ஆற்றுப் பகுதியிலுள்ள தெல் குரான் என்னும் மேட்டில் ஏறத்தாழ 2,600 கெசல் எலும்புகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அவை கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டின் பின்பகுதிக்குரியவை. கிட்டத்தட்ட 100 மான்களின் எலும்புகள். பெரும்பாலும் கால் எலும்புகளே. எல்லா வயதும் அதில் உண்டு. ஒரே வேட்டையில் ஒரு மந்தை முழுதும் மடிந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அவ்வூரார் பசியால் வாடியவர் அல்லர். ஆடு மாடு வளர்த்தனர், பயிர் செய்தனர், அருகே நகரங்கள் எழுந்துகொண்டிருந்தன. உணவில் காட்டு விலங்கின் இறைச்சி சிறு பங்கே. எனின், தோலுக்காகவோ, தலைவர் தம் பெருமைக்காகவோ, விழாவுக்காகவோதான் இவ்வேட்டை நடந்திருக்கும். தேவை முடிந்த பின்னரும் பொறி நின்றுவிடவில்லை.

இதனைக் கொண்டு, பண்டையோர் அனைவரும் கொலைஞர் என்று மறுபக்கம் சாய்வதும் முறையன்று என்பேன். கெசல் மான் பட்டங்கள் எழுந்த பின்னரும் பல ஆயிரம் ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்கிறது. பர்க்ஹார்ட் கண்டபோதும் மந்தைகள் இருந்தன. இதற்கு அவ்விலங்கின் இயல்பே காரணம் என்று கொள்கிறேன். அப்பகுதியில் வாழும் கெசல் இனம் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். சைகாவும் அவ்வாறே. 2015-ஆம் ஆண்டில் கசக்ஸ்தானில் நோய் பரவிச் சில வாரங்களில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட சைகாக்கள் மடிந்தன. இனமே அழிந்துவிடும் என்று அஞ்சினர். 2023-இல் எண்ணியபோது அந்நாட்டில் 19 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தன. வேட்டையைக் கட்டுப்படுத்தி வழியையும் விட்டால் இரட்டைக் குட்டி ஈனும் விலங்கு பேரிழப்பையும் ஈடு செய்துகொள்ளும்.

காட்டுக் கழுதைக்கு அந்த நற்பேறு இல்லை. அதன் சினைக்காலம் ஏறத்தாழ ஓராண்டு. ஈனுவது ஒரே குட்டி. பொறி இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. சுவரின் போக்கில் வந்தது எதுவாயினும் குழியில் விழும். மந்தையைத் தாங்கும் ஆற்றல் ஒவ்வோர் இனத்துக்கும் வேறு வேறு என்பதை வேட்டுவர் அறிந்திருந்தாலும், பொறியால் அவ்வறிவைச் செயற்படுத்த முடியாது. குரானின் குட்டிகளும் தாய்களும் ஒன்றாய் மடிந்தது இதனாலேயே.

எண்ணிக்கையைக் காட்டிலும் வழியை மறித்ததே பெருங்கேடு என்பது என் கருத்து. ஒரு தனிப் பட்டம் மந்தையில் ஒரு பங்கை எடுக்கும். எஞ்சியது வேறு வழியே போய்விடும். பல கிலோமீட்டர் தூரம் சங்கிலியாய் நிற்கும் பட்டங்கள் வேறு வழியை விட்டுவைப்பதில்லை. புல் இங்கும் நீர் அங்கும் உள்ள நாட்டில் இடம் பெயர இயலாத மந்தை வறட்சியில் மடியும். கி.மு. 4000-க்குப் பின்னர் அந்நிலம் மேலும் மேலும் வறண்டும் வந்தது. வறட்சி ஒரு புறமும் சுவர் மறுபுறமுமாக நெருக்கியபோது, குற்றத்தை ஒன்றன்மேல் மட்டும் சுமத்துதல் இயலாது.

இறுதியடி விழுந்தது கல்லாலன்று. துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் அப்பாலைக்குள் நுழைந்த பின் சில பத்தாண்டுகளில், பட்டங்கள் பல ஆயிரம் ஆண்டுகளிற் செய்யாததைச் செய்து முடித்தன. சிரியக் காட்டுக் கழுதை இனத்தின் கடைசி விலங்கு ஜோர்தானின் அஸ்ராக் பாலைச்சோலை அருகே 1927-ஆம் ஆண்டளவில் சுட்டுக் கொல்லப்பட்டது. மெயிட்லண்டின் கட்டுரை அச்சான ஆண்டும் அதுவே. பொறியை உலகம் கண்டுகொண்ட வேளையில், அப்பொறிக்குரிய விலங்குகளுள் ஒன்று உலகைவிட்டு நீங்கியது. அதே அஸ்ராக் அருகில் 1975-இல் ஷவ்மரி என்னும் விலங்குக் காப்பிடம் ஏற்பட்டது. காடுகளில் 1972-இல் அற்றுப்போன அரேபிய வெள்ளை இரலையை, வேறு நாடுகளின் விலங்குச்சாலைகளில் எஞ்சியவற்றிலிருந்து கொண்டுவந்து 1978 முதல் அங்கே வளர்த்து வருகின்றனர். அதைச் சுற்றியும் வேலி உண்டு. வானிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு கோடாகத்தான் தெரியும்.

பாடக்குறிப்பில் அந்தப் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டேன். அவ்விடத்தில் எழுதத் தக்க ஒரு வரி இன்னும் எனக்கு வாய்க்கவில்லை. வரும் தவணையில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அளவுப் படம் கீறிய கல்லின் படத்தை முதலிலும், குரான் மேட்டுக் கால் எலும்புகளின் கதையை அடுத்தும் வைத்து, அவர்களையே எழுதச் சொல்ல எண்ணியிருக்கிறேன். வாவ் என்று சொன்ன பையன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். இருந்திருந்தால் அவன் என்ன எழுதுவான் என்று பார்க்க ஆவல்.